நாடாளுமன்றத்தில் என்ன நடக்கிறது என்று நாமே தெரிந்துகொள்வது எப்படி

எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் மேம்பாலம் வரப்போகிறது என்று நான் காலேஜ் படித்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தப் பேச்சு வரும், முடிவு வந்ததும் காணாமல் போகும். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாட்ஸப் குரூப்பில் ஒரு போஸ்டர் சுற்றியது: "நம்ம எம்.பி. பார்லிமென்ட்ல கேட்டுட்டாரு, பாலம் சாங்ஷன்!" குரூப்பில் இருநூறு பேர் கைதட்டினார்கள். உண்மையிலேயே கேட்டாரா, என்ன பதில் வந்தது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேடினேன், அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. கேட்டது உண்மைதான். ஆனால் பதிலில் சாங்ஷன் என்ற பேச்சே இல்லை. மாநில அரசு நிலம் எடுத்துக் கொடுத்தால் மேற்கொண்டு பரிசீலிக்கப்படும் என்று ஒரே ஒரு வரி.

அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, டெல்லியில் ஆள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும், அது தடுமாறினாலும் போனில் மொழிபெயர்த்துக் கொள்ளலாம்.

முதலில் டிவியை அணைத்துவிடுங்கள். நேரலை பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் பழைய மக்களவை டிவியையும் மாநிலங்களவை டிவியையும் சேர்த்து சன்சத் டிவி ஆக்கினார்கள், யூடியூபில் இரண்டு அவைகளும் தனித்தனியாக நேரலையில் ஓடுகின்றன, தாராளமாகப் பாருங்கள். ஆனால் செய்தி சேனலில் நமக்குக் காட்டுவது கூச்சல், வெளிநடப்பு, ஒத்திவைப்பு, இந்த மூன்றையும்தான். அதைப் பார்த்துவிட்டு "அங்க ஒண்ணுமே நடக்கலை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். விஷயம் என்னவென்றால், நாடாளுமன்றத்தின் வேலையில் பாதிக்கு மேல் பேச்சில் நடப்பதில்லை, தாளில் நடக்கிறது. அந்தத் தாள் எல்லாம் இணையத்தில் சும்மா கிடக்கிறது.

சன்சத் டாட் இன் என்ற தளத்துக்குப் போங்கள். மக்களவை, மாநிலங்களவை இரண்டும் ஒரே தளத்தில், தனித்தனிக் கதவு. டிஜிட்டல் சன்சத் என்று போன் செயலியும் இருக்கிறது. தளம் கொஞ்சம் மந்தம்தான், கூட்டத்தொடர் நடக்கும்போது காலையில் இன்னும் மோசம், பொறுமையாகக் கிளிக் செய்யுங்கள்.

வருடத்துக்கு மூன்று கூட்டத்தொடர். ஜனவரி கடைசியில் தொடங்கி நடுவில் ஒரு இடைவெளி விட்டு ஏப்ரல் வரை போகும் பட்ஜெட் தொடர், ஜூலை ஆகஸ்டில் மழைக்காலத் தொடர், நவம்பர் டிசம்பரில் குளிர்காலத் தொடர். இரண்டு தொடர்களுக்கு நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது மட்டும்தான் அரசியல் சாசனத்தின் 85ஆவது பிரிவு போடும் கட்டாயம். எத்தனை நாள் கூட வேண்டும் என்று எங்கும் இல்லை. அதனால்தான் 17ஆவது மக்களவை ஐந்து வருடத்தில் மொத்தம் 274 நாள்தான் கூடியது. நமக்கு இதில் ஒரு சின்ன வசதி, வருடத்தில் ஐம்பது அறுபது நாள் கவனித்தால் போதும்.

அன்றைய வேலை என்ன என்று தெரிய நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள், பெரும்பாலும் முதல் நாள் சாயங்காலமே ஏறிவிடும். மக்களவையில் 11 மணிக்குக் கேள்வி நேரம், 12 மணிக்கு மேல் பூஜ்ய நேரம், அதாவது உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம். மாநிலங்களவையில் இது தலைகீழ்: 2014 நவம்பரிலிருந்து அங்கே பூஜ்ய நேரம் முதலில், கேள்வி நேரம் 12 மணிக்கு. காலையில் கூடியதுமே அமளியில் கேள்வி நேரம் அடிபட்டுப் போகிறது என்றுதான் மாற்றினார்கள். மாற்றியதும் அமளியும் கூடவே 12 மணிக்கு நகர்ந்துவந்தது, அது வேறு கதை.

சரி, இப்போது கேள்விகள். என்னைக் கேட்டால் மொத்தத் தளத்திலும் இதுதான் தங்கச் சுரங்கம். கேள்வியில் இரண்டு வகை உண்டு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், மேற்கொண்டு துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு முதல் வகை 20, இரண்டாவது வகை 230. மாநிலங்களவையில் 15, 160. ஒரு மணி நேரத்தில் அமைச்சர்கள் வாயால் பதில் சொல்லி முடிப்பது நாலைந்து கேள்விகளுக்குத்தான். மீதியெல்லாம் எழுத்துப் பதிலாக அவையின் மேசைக்குப் போய்விடும். இதில் கவனிக்க வேண்டியது, அவை கூடிய பத்தாவது நிமிடத்தில் கூச்சலால் ஒத்திவைத்தாலும் அன்றைய 250 பதில்களும் தாக்கல் செய்யப்பட்டதாகவே கணக்கு, மதியத்துக்கு மேல் தளத்தில் வந்துவிடும். "இன்று அவை முடங்கியது" என்று டிவி சொல்லும் அதே நாளில் உங்கள் மாவட்டத்து மருத்துவக் கல்லூரி பற்றி ஒரு பதில் வந்து உட்கார்ந்திருக்கும், யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இதன் பலம் தெரிய ஒரே ஒரு உதாரணம். 2020 செப்டம்பரில், கொரோனாவைக் காரணம் காட்டி, அந்தத் தொடரில் கேள்வி நேரமே கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். எழுத்துப் பதில் மட்டும் தொடர்ந்தது. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, அப்படி ஒரு விவரம் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் எழுதியது. பல நாள் நாடே பேசிய அந்தச் செய்தி நட்சத்திரம் இல்லாத ஒரு கேள்வியின் பதிலிலிருந்து வந்ததுதான்.

தேடும் முறை இது. கேள்விகள் பகுதியில் உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி, தலைப்பில் வரும் சொல் என்று பல வழியில் சலிக்கலாம். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுவதில் மட்டும் நிற்காதீர்கள், ஏனென்றால் தலைப்பு ஆங்கிலத்தில் பொத்தாம் பொதுவாக இருக்கும். "தமிழ்நாட்டில் ரயில்வே மேம்பாலங்கள்" என்கிற மாதிரி ஒரு தலைப்புக்குள், பதிலின் பின்னால் சேர்த்திருக்கும் இணைப்பு அட்டவணையில் பதினேழாவது வரியில் உங்கள் ஊர் ஒளிந்திருக்கலாம். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் பாடாய்ப் படுத்தும், திருவாரூரையே இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். நான் செய்தது: உறுப்பினர் பெயர், ரயில்வே அமைச்சகம், இரண்டையும் போட்டு வந்த பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்தேன். உங்கள் எம்.பி. கேட்டிருக்காவிட்டால் பக்கத்துத் தொகுதி எம்.பி. கேட்டிருப்பார். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர், புதுச்சேரிக்கு அங்கொன்று இங்கொன்று, யாராவது ஒருவர் தொட்டிருப்பார். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் முறை உண்டு. ரயில்வேக்கு மக்களவையில் பல தொடர்களாகப் புதன்கிழமை. தொடர் நடக்கும்போது உங்கள் துறையின் நாளை மட்டும் பிடித்துக்கொண்டால் வேலை சுலபம்.

பதிலைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும், ஏனென்றால் அதிகாரிகள் பதில் சொல்லாமல் பதில் எழுதுவதில் கெட்டிக்காரர்கள். நாலு உட்கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லாமல் "ஏ முதல் டி வரை" என்று ஒரே பத்தியில் மொழுகியிருந்தால், எந்தக் கேள்விக்குப் பதில் காணோம் என்று பென்சிலில் குறியுங்கள், அங்கேதான் விஷயம் இருக்கும். "இது மாநிலப் பட்டியலில் வருகிறது" என்றால் பந்தைச் சென்னைக்கு அடித்துவிட்டார்கள். "இந்தக் கேள்வி எழவில்லை" என்றால் முந்தைய உட்கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டதால் இதற்குப் பதில் தேவையில்லை என்று பொருள். பத்தியைவிட இணைப்பை முதலில் பாருங்கள், மாநில வாரியாக எண்கள் அங்கே இருக்கும், வருடா வருடம் அதே கேள்விக்கு வந்த இணைப்புகளை எடுத்து அடுக்கினால் உங்கள் கையில் ஒரு நல்ல புள்ளிவிவரம் தயார்.

இன்னொரு வகைப் பதில் இருக்கிறது, அதைக் கண்டால் விடாதீர்கள். "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்", "விஷயம் பரிசீலனையில் உள்ளது" என்கிற மாதிரி வரிகள். பார்க்க மழுப்பலாகத் தெரியும். ஆனால் விதிப்படி அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறலாம். ஏறினால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். இதைக் கண்காணிக்கவே இரண்டு அவையிலும் அரசு உறுதிமொழிகள் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது, வருடக்கணக்கில் தொங்கும் உறுதிமொழிகளைப் பற்றி அது அறிக்கையும் போடுகிறது. கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். வரவில்லையா, அதே எண்ணைக் குறிப்பிட்டு அந்த அமைச்சகத்துக்கு 10 ரூபாயில் ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். "இந்தத் தேதியில் இந்தக் கேள்விக்கு நீங்கள் சொன்னது என்ன ஆயிற்று" என்று கேட்கும் மனுவை, வெறும் "பாலம் எப்போது வரும்" என்று கேட்பதைப் போல எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. 30 நாளில் பதில் தர வேண்டும்.

அவையில் யார் என்ன பேசினார்கள் என்பது விவாதப் பதிவில் இருக்கும். மக்களவையின் பதிவு, பேசிய மொழியிலேயே வரும். இந்தியில் பேசியது நாகரி எழுத்தில் அப்படியே கிடக்கும். நம் ஆட்கள் தமிழில் பேசினால் மட்டும் அங்கே தமிழ் இருக்காது, ஒரு நட்சத்திரக் குறி போட்டு, இது தமிழில் பேசியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று அடிக்குறிப்போடு ஆங்கிலத்தில் வரும். அந்தப் பேச்சின் சூடு வேண்டுமென்றால் வீடியோவுக்குத்தான் போக வேண்டும். இந்திப் பேச்சில் என்ன சொன்னார்கள் என்று தெரிய, அன்றன்றைக்கு ஆங்கிலத்தில் சுருக்கமும் வெளியிடுகிறார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள். அவைக் குறிப்பிலிருந்து நீக்கிய சொற்களின் இடத்திலும் நட்சத்திரம்தான் இருக்கும். ஆக நாடாளுமன்றத்தில் நட்சத்திரத்துக்கு மூன்று வேலை: கேள்விக்கு மரியாதை, தமிழுக்கு அடிக்குறிப்பு, கெட்ட வார்த்தைக்குச் சமாதி.

மசோதாவுக்கு வருவோம். "சட்டம் நிறைவேறியது" என்று செய்தி வந்ததும் மசோதாவைத் திறந்து கடைசியிலிருந்து படியுங்கள். முன்பக்கத்தில் சட்ட மொழி தலையைச் சுற்றும். பின்னால் நோக்கங்கள் மற்றும் காரணங்கள் என்று ஓரிரு பக்கம் இருக்கும், அதில் இதை ஏன் கொண்டுவருகிறோம் என்று ஓரளவு மனித மொழியில் எழுதியிருப்பார்கள். அதற்கடுத்து நிதிக் குறிப்பு, எவ்வளவு செலவு என்று. அதற்கும் அடுத்து எந்தெந்த விஷயத்தை அரசு பிற்பாடு விதிகள் போட்டுத் தீர்மானித்துக்கொள்ளும் என்று ஒரு குறிப்பு. அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் உஷாராகுங்கள், அவையில் விவாதிக்காத பலதும் பிறகு அறிவிக்கையில் வரும் என்று அர்த்தம். அறிமுகம் செய்தபோது இருந்த வடிவம், ஓர் அவை நிறைவேற்றிய வடிவம், இரண்டு அவையும் நிறைவேற்றிய வடிவம் என்று தனித்தனியாகப் போடுவார்கள். எதைப் படிக்கிறோம் என்று தலைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வாட்ஸப்பில் சுற்றுவது பெரும்பாலும் முதல் வடிவம்.

நிறைவேறியதும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது, அதற்கான விதிகள் வந்தது 2024 மார்ச்சில். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டை 2023 செப்டம்பரில் மக்களவை 454க்கு 2 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது, ஊரெல்லாம் இனிப்பு கொடுத்தார்கள், ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து தொகுதி மறுவரையறை நடந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தத்துக்குள்ளேயே எழுதியிருந்தது. "மத்திய அரசு அறிவிக்கும் தேதியிலிருந்து" என்ற சொற்றொடர் மசோதாவின் முதல் பிரிவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அரசிதழில் அறிவிக்கை வரும்வரை அது வெறும் தாள்தான்.

நம் எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்? இதற்குப் பல நேரம் பதிலே கிடைக்காது, உங்கள் தேடலில் தப்பில்லை. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில், அதாவது ஆம், இல்லை என்று எழும் சத்தத்தை வைத்தே போகின்றன, அதில் யார் பெயரும் பதிவாகாது. யாராவது டிவிஷன் (ஓட்டுகளை எண்ணும் வாக்கெடுப்பு) கேட்டு அது நடந்தால்தான் பெயர் வாரியாக விவாதப் பதிவில் ஏறும். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் 288க்கு 232 என்று வாக்கெடுப்பில் நிறைவேறியது, அதில் யார் எந்தப் பக்கம் என்று பார்க்கலாம். 2020 செப்டம்பர் 20ஆம் தேதி வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் போனது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் குரல் வாக்கெடுப்பில்தான். அரசியல் சாசனத் திருத்தத்துக்கு மட்டும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

எம்.பி.யின் வருகை, கேட்ட கேள்விகளின் எண்ணிக்கை எல்லாம் பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பின் தளத்தில் தொகுத்துக் கிடைக்கும். மசோதாக்களைப் பற்றிய அவர்களின் குறிப்புகளும் உபயோகமானவை. ஆனால் அந்த எண்களை வைத்து மார்க் போடுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அமைச்சர்கள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுவதே இல்லை, கேள்வியும் கேட்க மாட்டார்கள், அவர்கள் கட்டத்தில் ஒன்றுமிருக்காது. இருநூறு கேள்வி கேட்டவரின் பட்டியலைத் திறந்தால் பாதி, பொத்தாம் பொதுவாகத் திட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டதாக இருக்கும். இன்னொருவர் முப்பது கேள்வி கேட்டிருப்பார், முப்பதும் மீனவர் பிரச்சினையாக இருக்கும். அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவும் அப்படித்தான், வெள்ளிக்கிழமை மதியம் ஆளில்லாத அவையில் பேசிக் கரைந்துபோகும் என்று கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆனால் 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது, அந்த அவையில் 45 வருடத்துக்குப் பிறகு நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா அது.

குழுக்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் குறை. அமைச்சகங்களின் வேலையையும் மசோதாக்களையும் ஆராயும் துறைவாரி நிலைக்குழுக்கள் 24, ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும், கேமரா இல்லாததாலோ என்னவோ அங்கே கட்சி பேதம் குறைவு. அறிக்கை மட்டும் பொதுவில் வரும். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் நடவடிக்கை அறிக்கைகளை மட்டும் எடுங்கள். குழு சொன்னதில் அரசு எதை ஏற்றது, எந்தப் பதிலைக் குழு ஏற்கவில்லை என்று அத்தியாயம் பிரித்திருப்பார்கள், குழு ஏற்காத அத்தியாயத்தைத் திறந்தால் அந்தத் துறையின் உண்மை நிலவரம் தெரியும். முக்கியமான மசோதா குழுவுக்குப் போகும்போது பொதுமக்கள் கருத்துக் கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் வரும், பெரும்பாலும் பதினைந்து நாள்தான் கெடு. எந்தப் பிரிவை எப்படி மாற்ற வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் படிப்பார்கள், ஃபார்வர்டு செய்த ஒரே மெயிலை ஆயிரம் பேர் அனுப்பினால் அது ஆயிரம் என்ற எண்ணாகத்தான் போகும். மசோதா ஆவதற்கு முன்பே வரைவை 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்று 2014இல் அரசே ஒரு கொள்கை வகுத்தது. எப்போதும் கடைப்பிடிப்பதில்லை, வைக்கும்போது விட்டுவிடாதீர்கள்.

மனுவும் போடலாம். மக்களவைக்கு முறையான மனு என்றால் ஓர் உறுப்பினர் மேலொப்பம் இட வேண்டும், அதாவது அவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும், தமிழில் எழுதினால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்ப்பு இணைத்துக் கையெழுத்திட வேண்டும்.

நேரில் போய்ப் பார்க்க ஆசையா? பார்வையாளர் மாடத்துக்கு எம்.பி. பரிந்துரையில்தான் பாஸ், தனக்கு நேரில் தெரிந்தவர் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 13 அன்று மாடத்திலிருந்து இரண்டு பேர் அவைக்குள் குதித்துப் புகைக்குப்பி வீசிய பிறகு கெடுபிடி அதிகம், அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எம்.பி. அலுவலகத்தில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை விட மாட்டார்கள். போன், பை எல்லாம் வெளியே. உள்ளே கைதட்டக்கூடாது, கையை நீட்டிப் பேசினாலே காவலர் வந்து நிற்பார்.

கடைசியாக, கேள்வியை நாமே எழுதிக் கொடுக்கலாம், இது பலருக்குத் தெரியாது. எம்.பி.க்களுக்குத் தொகுதி விவரத்தோடு வரும் நல்ல கேள்விக்கு எப்போதும் பஞ்சம்தான். 15 நாளுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நிறையப் பேர் கொடுத்தால் குலுக்கல், எனவே தொடர் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னாடியே போய் நில்லுங்கள். 150 சொல்லுக்குள், வாதம் இல்லாமல், கருத்துக் கேட்காமல், தகவல் மட்டும் கேட்க வேண்டும். குலுக்கலில் வராவிட்டால் மக்களவையின் 377ஆவது விதியின் கீழ் தொகுதிப் பிரச்சினையாக எழுப்பச் சொல்லுங்கள். அதற்கான பதில் அவையில் வராது, அமைச்சரிடமிருந்து எம்.பி.க்குக் கடிதமாக வரும், அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் கேட் விஷயமாக நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து எழுதியது இது, ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறோம், குலுக்கலில் விழுமா என்று பார்க்க வேண்டும்: (ஏ) இந்த எண்ணுள்ள கேள்விக்கு அளித்த பதிலில் குறிப்பிட்ட மேம்பாலத்துக்கு நிலம் கேட்டு ரயில்வே மாநில அரசுக்குக் கடிதம் எழுதியதா? (பி) எழுதியது என்றால் எந்தத் தேதியில்? (சி) எழுதவில்லை என்றால் அதற்கான காரணங்கள் என்ன?